ஒரு புரொஜெக்டர், நான்கு பெட்டிகள்: படம் தானாகச் சரியாக அமைய முழு வழிகாட்டி

சனிக்கிழமை இரவு ஓடிடியில் படம் அருமையாக ஓடியது. மறுநாள் மதியம் அதே திரையில் கிரிக்கெட் போட்டால் புல்தரை சாயம் கொட்டினாற்போல் எரிகிறது, பந்து விட்டு விட்டுப் பறக்கிறது. திங்கட்கிழமை லேப்டாப்பைச் செருகினால் எழுத்தெல்லாம் மசமசவென்று தெரிகிறது. ஒவ்வொரு முறையும் ரிமோட்டை எடுத்து பிக்சர் மோட், ஆஸ்பெக்ட், பிரைட்னஸ் என்று நோண்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "இதுக்கு டிவியே தேவலாம்" என்று எழுந்து போய்விடுவார்கள்.

இதைத் தானாக நடக்க வைக்க முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் தவறான முனையில் தொடங்குகிறார்கள். புரொஜெக்டர் மெனுவில் 'ஆட்டோ' என்று எது கண்ணில் பட்டாலும் ஆன் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். புரொஜெக்டருக்குக் கண் கிடையாது. வருவது சினிமாவா, மேட்சா, எக்செல் தாளா என்று அது பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. படத்தை அனுப்பும் பெட்டி (செட்டாப் பாக்ஸ், ஓடிடி ஸ்டிக், லேப்டாப், கேம் கன்சோல் எதுவானாலும்) என்ன சொல்கிறதோ அதை அப்படியே நம்பும். ஆகவே முதல் வேலை பெட்டிகளை உண்மை பேச வைப்பது. புரொஜெக்டரின் அமைப்புகள் அதற்கு அப்புறம்தான்.

கேபிளுக்குள் நடக்கும் பேச்சு

எச்டிஎம்ஐ கேபிளில் 19 பின்கள் உண்டு. படமும் ஒலியும் போகிற பின்கள் போக, இந்தக் கதைக்கு வேண்டியவை நான்கு: 15, 16, 18, 19. பெட்டி 18ஆம் பின் வழியாக 5 வோல்ட் அனுப்பும். புரொஜெக்டர் 19ஆம் பின்னில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பதில் தரும். உடனே பெட்டி 15, 16 வழியாக புரொஜெக்டரின் ஈடிஐடி என்ற சிறு குறிப்பைப் படிக்கும். அடிப்படைக் குறிப்பு வெறும் 128 பைட். கூடுதல் விவரங்களுக்கு இன்னும் சில 128 பைட் துண்டுகள் சேரும். புரொஜெக்டரின் பெயர், அதன் இயல்பான ரெசல்யூஷன், ஏற்கக்கூடிய ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை படம்), எச்டிஆர் (இருளையும் வெளிச்சத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் வகை) தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். கணினித் திரைகளுக்காக 1994இல் வந்த ஏற்பாடு இது. இன்றைக்கும் இதை வைத்துத்தான் எல்லாம் ஓடுகிறது.

இது ஒரு திசை. மறு திசையில், பெட்டி படத்தோடு சேர்த்து இன்ஃபோஃபிரேம் என்ற சிறு பொட்டலங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். 'இது 1080, 50 ஹெர்ட்ஸ், நிறம் இந்த வகை, கறுப்பு 16இல் தொடங்குகிறது' என்கிற மாதிரி. எச்டிஆர் என்றால் அதற்குத் தனிப் பொட்டலம். புரொஜெக்டர் தானாக மோட் மாறுவது இந்தப் பொட்டலங்களைப் படித்துத்தான்.

இரண்டு திசையில் எங்கே பொய் நுழைந்தாலும் தானியங்கி வேலை கெட்டுப்போகும். கீழே வருகிற எல்லாப் படிகளும் அந்தப் பொய்யைத் தேடிப் பிடிக்கிற வேலைதான்.

முதல் படி: இன்ஃபோ பக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

புரொஜெக்டர் மெனுவில் 'இன்ஃபர்மேஷன்' அல்லது 'இன்ஃபோ' என்று ஒரு பக்கம் இருக்கும். யாரும் திறப்பதில்லை. இப்போது வரும் சிக்னலின் ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ், நிற வகை, சில மாடல்களில் எச்டிஆர் வகை வரை அதில் தெரியும். இந்த வழிகாட்டியில் உங்களுக்குத் தேவையான ஒரே அளவுகோல் அதுதான்.

ஒரு தாளை எடுத்து, உங்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டு அந்தப் பக்கம் காட்டுவதை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் என்ன வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். உதாரணமாக என் தாளில் இருப்பது: செட்டாப் பாக்ஸ் 1080, 50 ஹெர்ட்ஸ், ஓடிடி ஸ்டிக் படத்துக்கு 24, மெனுவில் 60, லேப்டாப் 60, கேம் கன்சோல் 4கே 60, எச்டிஆர். முதல்நாள் பார்த்தபோது நான்கில் மூன்று ஒரே மாதிரி 1080, 60 என்று காட்டின. அதாவது மூன்று பெட்டிகள் தங்கள் இயல்பை மறைத்து ஒரே வேஷம் போட்டிருந்தன.

இரண்டாம் படி: நடுவில் நிற்பவர்களை விசாரியுங்கள்

என் விஷயத்தில் குற்றவாளி ஒரு ஸ்பிளிட்டர். ஹாலில் உள்ள பழைய 1080 டிவிக்கும் புரொஜெக்டருக்கும் ஒரே படம் போகட்டும் என்று மாட்டியிருந்தேன். இரண்டு திரை இருந்தால் பல ஸ்பிளிட்டர்கள் இரண்டுக்கும் பொதுவாக ஒத்துப்போகிற கீழ்மட்டக் குறிப்பையே பெட்டியிடம் காட்டும்; சில முதல் போர்ட்டில் இருக்கும் திரையின் ஈடிஐடியைக் காட்டும். எப்படியானாலும் ஸ்டிக்குக்குத் தெரிந்தது டிவி மட்டும்தான். 4கே எச்டிஆர் புரொஜெக்டர் இருப்பதே அதற்குத் தெரியாது. இது புரியாமல் நான் கேபிளைச் சந்தேகித்து இரண்டு புதுக் கேபிள் வாங்கினேன். அந்த இரண்டும் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன.

ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் ஒருமுறை நேராக புரொஜெக்டரில் செருகி இன்ஃபோ பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் ஸ்விட்ச், ஸ்பிளிட்டர், ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கி, படத்தைத் திரைக்குக் கடத்தும் பெட்டி) வழியாகச் செருகிப் பாருங்கள். எண்கள் மாறினால் நடுவில் இருப்பவர்தான் பிரச்சினை. ஸ்பிளிட்டரில் சிறு டிப் ஸ்விட்ச் இருந்தால் எந்தத் திரையின் குறிப்பை நகலெடுக்க வேண்டும் என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். ஏவி ரிசீவரில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இன்புட்டுக்கும் 'ஸ்டாண்டர்ட்', 'என்ஹான்ஸ்ட்' போன்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கலாம். 4கே எச்டிஆர் வரும் இன்புட்டில் என்ஹான்ஸ்ட் வையுங்கள். எச்டிஎம்ஐ 1.4 காலத்து ரிசீவர் என்றால் நொடிக்கு 10.2 ஜிகாபிட்தான் தாங்கும். 4கேயை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் முழு நிறத்தோடு அது கடத்தாது. 4கே 60க்கு 2013இல் வந்த 2.0 தேவை, அது 18 ஜிகாபிட்.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை. புரொஜெக்டர் கூரையில் தொங்கும், பெட்டிகள் கீழே அலமாரியில் இருக்கும். பத்து மீட்டர் எளிதாக வந்துவிடும். அந்த நீளத்தில் சாதாரண செம்புக் கேபிள் 18 ஜிகாபிட்டைத் தாங்குவது சந்தேகம். ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். அதற்குத் திசை உண்டு: ஒரு முனை பெட்டிக்கு, மறுமுனை திரைக்கு. மாற்றி மாட்டினால் படமே வராது. சீலிங்குக்குள் இழுத்து பூசிய பிறகு இது தெரிய வந்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: பெட்டிகளை அவரவர் இயல்பில் விடுங்கள்

செட்டாப் பாக்ஸ். இந்தியாவில் டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்கில் நடக்கிறது. எச்டி சேனல்கள் 1080i, 50. பெட்டியை 60இல் வைத்திருந்தால் நொடிக்கு 50 படங்களை 60 ஆக்க அது சில படங்களை இரண்டு முறை காட்டும். கிரிக்கெட் பந்து விட்டு விட்டுப் பறப்பதும், செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்து தடுமாறுவதும் அதனால்தான். டிவியில் பெரிதாகத் தெரியாத அந்தத் தடுமாற்றம் 100 அங்குலத் திரையில் உறுத்தும். பெட்டியின் மெனுவில் 'ஒரிஜினல்' அல்லது 'நேட்டிவ்' இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் 1080, 50.

ஓடிடி ஸ்டிக்தான் நிறைய நேரம் கேட்கும். சினிமா நொடிக்கு 24 படம். 60 ஹெர்ட்ஸில் அதைக் காட்ட ஒரு படத்தை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை, மறுபடி இரண்டு என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சியில் படம் நடுங்குவது இதனால். ஃபயர் டிவியில் டிஸ்ப்ளே பகுதியில் 'மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்' என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். ஆப்பிள் டிவியில் 'மேட்ச் கன்டென்ட்' என்ற தலைப்பின்கீழ் ஃபிரேம் ரேட்டுக்கும் டைனமிக் ரேஞ்சுக்கும் தனித்தனி பொத்தான், இரண்டும் ஆன். கூகுள் டிவியிலும் 'மேட்ச் கன்டென்ட் ஃபிரேம் ரேட்' உண்டு. கோடி (Kodi) என்ற வீடியோ ஆப் பயன்படுத்துபவர்கள் பிளேயர் அமைப்புகளில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதைப் படம் தொடங்கும்போதும் முடியும்போதும் என்று வைக்க வேண்டும். எல்லா ஆப்பும் இதை மதிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆப்பில் 24 வந்து இன்னொன்றில் 60லேயே நின்றால் குறை உங்கள் அமைப்பில் இல்லை.

இதை ஆன் செய்தபின் படம் தொடங்கும்போது திரை இரண்டு மூன்று நொடி இருண்டு மீளும். பயப்பட வேண்டாம், பெட்டியும் புரொஜெக்டரும் புது ஹெர்ட்ஸில் மறுபடி ஹேண்ட்ஷேக் (முதலில் சொன்ன அந்தக் கேபிள் பேச்சு) செய்துகொள்கின்றன.

அடுத்தது எச்டிஆர். ஃபயர் டிவியில் 'ஆல்வேஸ் எச்டிஆர்', 'அடாப்டிவ்' போன்ற வழிகள் உண்டு. எப்போதும் எச்டிஆர் என்றால் நல்லதுதானே என்று முதலாவதைத் தேர்ந்தெடுத்தவர் பலர். அப்படி வைத்தால் பழைய எஸ்டிஆர் (எச்டிஆர் அல்லாத சாதாரண வகை) படத்துக்கும், மெனுவுக்கும்கூட ஸ்டிக் எச்டிஆர் முத்திரை குத்தி அனுப்பும். புரொஜெக்டர் அதை நம்பி எச்டிஆர் மோடுக்குப் போய்விடும், எஸ்டிஆருக்கு நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த மோட் சீந்துவாரில்லாமல் கிடக்கும். அடாப்டிவ் வையுங்கள். ஆப்பிள் டிவியில் அடிப்படை ஃபார்மட்டை 4கே எஸ்டிஆர் என்று வைத்துவிட்டு மேட்ச் கன்டென்டை நம்புவதே சரி.

லேப்டாப்பில் தவறு வேறு வகை. விண்டோஸ் விசையோடு பி அழுத்தினால் வரும் பட்டியலில் பெரும்பாலோர் 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுப்பார்கள். அப்போது லேப்டாப் திரைக்கும் புரொஜெக்டருக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனை விண்டோஸ் தேடும். லேப்டாப் திரை 1366க்கு 768 என்றால் முழு எச்டி புரொஜெக்டரும் அந்த அளவுக்கு இறங்கிவிடும், எழுத்து மங்கும். 'எக்ஸ்டெண்ட்' அல்லது 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' போட்டு, புரொஜெக்டரின் இயல்பான ரெசல்யூஷனை ஒருமுறை அமைத்தால் போதும். ஈடிஐடியை அடையாளமாக வைத்து விண்டோஸ் அதை நினைவில் கொள்ளும். அடுத்த முறை செருகியதும் தானாகவே அப்படி வரும். லினக்ஸில் ஆட்டோரேண்டர் என்ற சிறு நிரல் இதே வேலையைச் செய்கிறது.

லேப்டாப்பில் கறுப்பையும் கவனியுங்கள். வீடியோ உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி உலகில் 0 முதல் 255 வரை. லேப்டாப் 16 என்று அனுப்புவதை புரொஜெக்டர் 0 முதல் 255 வரை என்று படித்தால் இரவுக் காட்சி சாம்பல் பூத்துப் போகும். தலைகீழாக நடந்தால் கறுப்புச் சட்டையின் மடிப்பெல்லாம் ஒரே மைக்கறையாகும். கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்று இருப்பதையும், புரொஜெக்டரில் 'எச்டிஎம்ஐ ரேஞ்ச்' அல்லது 'வீடியோ லெவல்' என்று இருப்பதையும் பொருத்துங்கள். ஆட்டோ சரியாக வேலை செய்தால் அப்படியே விடலாம். இல்லையென்றால் லேப்டாப் இருக்கிற இன்புட்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கையால் பூட்டிவிடுங்கள்.

கேம் கன்சோலில் அதிக வேலை இல்லை. எச்டிஆரை 'ஆதரவு இருக்கும்போது மட்டும்' என்றும், ஆர்ஜிபி ரேஞ்சை ஆட்டோ என்றும் விட்டுவிட்டு, கன்சோலே கேட்கும் எச்டிஆர் அளவீட்டைத் திரையைப் பார்த்தபடி ஒருமுறை செய்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸில் 24 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் அனுமதி என்று தனித்தனியாக இருக்கிறது. அதிலேயே படமும் பார்ப்பவர்கள் இரண்டையும் டிக் செய்ய வேண்டும்.

நான்காம் படி: புரொஜெக்டரின் நினைவாற்றலைச் சோதியுங்கள்

இப்போது பெட்டிகள் உண்மை பேசுகின்றன. இனி ஒவ்வொரு உண்மைக்கும் ஒரு மோட்.

புரொஜெக்டர்கள் பிக்சர் மோடை நினைவில் வைக்கும் விதம் மாடலுக்கு மாடல் மாறும். சில எல்லா இன்புட்டுக்கும் ஒரே மோட் வைக்கும். சில எச்டிஎம்ஐ 1க்கு ஒன்று, 2க்கு ஒன்று என்று வைக்கும். நல்லவை சிக்னல் வகைக்கு ஏற்ப வைக்கும்: எஸ்டிஆர் வந்தால் ஒன்று, எச்டிஆர் 10 வந்தால் ஒன்று, எச்எல்ஜி என்ற இன்னொரு எச்டிஆர் வகை வந்தால் ஒன்று. ஜேவிசியின் உயர்வகை மாடல்கள் இந்த ரகம். உங்களுடையது எது என்று மேனுவலைத் தேடுவதைவிடச் சோதித்துவிடலாம். எச்டிஎம்ஐ 1இல் 'சினிமா' போடுங்கள், 2க்குப் போய் 'டைனமிக்' போடுங்கள், மறுபடி 1க்கு வாருங்கள். சினிமா அப்படியே இருக்கிறதா? அதே இன்புட்டில் ஒரு எச்டிஆர் படம் ஓட்டி மோட் மாற்றி, பிறகு எஸ்டிஆர் படத்துக்குத் திரும்பினால் பழையது வருகிறதா? இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால் வயரிங் தானாக முடிவாகிவிடும்.

இன்புட்டுக்கு ஒரு மோட் என்றால், ஒரே மாதிரிப் பெட்டிகளை ஒரே இன்புட்டில் சேருங்கள். பெரும்பாலான வீட்டுப் புரொஜெக்டர்களில் இரண்டு எச்டிஎம்ஐதான். நான் செட்டாப் பாக்ஸையும் ஸ்டிக்கையும் ஒரு ஸ்விட்ச் வழியாக 1லும், லேப்டாப்பையும் கன்சோலையும் 2லும் வைத்திருக்கிறேன். ஏனென்றால் 2ஆவதில் வேகமான எதிர்வினை முக்கியம். ஃபிரேம் இன்டர்போலேஷன் (நடுநடுவே படங்களைத் தானே உருவாக்கிச் சேர்ப்பது) போன்ற அலங்காரங்களை அங்கே முழுக்க அணைத்துவிடலாம்.

எச்டிஆர் மோடில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு. 16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். நல்ல நிறத்தோடு 1000 லூமென்ஸ் திரையில் விழுந்தால், கெயின் 1 உள்ள (ஒளியை ஒரு பக்கமாகக் குவிக்காத) திரையில் கிடைப்பது ஏறக்குறைய 115 நிட்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு). எச்டிஆர் படங்கள் பல 1000 நிட்ஸுக்கு நிறம் அமைக்கப்பட்டவை. அந்த இடைவெளியைச் சுருக்கிக் கொடுப்பது டோன் மேப்பிங். எச்டிஆர் போட்டதும் படம் இருட்டாகத் தெரிவது பழுது அல்ல. மெனுவில் 'எச்டிஆர் லெவல்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' என்று இருக்கும் ஸ்லைடரை உங்கள் அறைக்கு ஏற்ப ஒருமுறை நகர்த்தி அந்த மோடில் சேமியுங்கள். சினிமா தியேட்டரில் சாதாரணப் படத்துக்கான வெள்ளையே 48 நிட்ஸ்தான் என்பதை நினைத்துக்கொண்டால் மனம் சமாதானமாகும்.

ஆஸ்பெக்டை (படத்தின் அகல உயர விகிதம்) ஆட்டோவிலும் ஓவர்ஸ்கேனை (படத்தின் விளிம்பை வெட்டுவது) ஆஃபிலும் வையுங்கள். ஆட்டோ செய்யாத வேலை ஒன்று உண்டு. பழைய படங்களின் பக்கவாட்டுக் கறுப்பும், சினிமாஸ்கோப்பின் மேல் கீழ்க் கறுப்பும் படத்தின் பகுதியாகவே வருகின்றன. இன்ஃபோஃபிரேமில் அதைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சு இருக்காது. அகலத் திரை வைத்திருப்பவர்கள் லென்ஸ் மெமரி (ஜூம், ஃபோகஸ் நிலையை நினைவில் வைக்கும் வசதி) உள்ள மாடலில் 16:9க்கு ஒன்று, 2.39க்கு ஒன்று சேமித்து, பொத்தானால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆட்டோ கீஸ்டோன் என்ற பெயரில் வருவதை, புரொஜெக்டரை நேராக மாட்டியபின் அணைத்துவிடுங்கள். அது படத்தைச் சுருக்கி வளைத்துத்தான் நேராக்குகிறது. லேப்டாப் எழுத்தின் கூர்மையை முதலில் தின்பது அதுதான்.

ஐந்தாம் படி: இன்புட் தானாக மாற

கேபிளின் 13ஆம் பின் சிஇசிக்கு (கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) உரியது. பெட்டியை ஆன் செய்தால் புரொஜெக்டரும் எழுந்து அந்த இன்புட்டுக்குத் தாவும். சிம்ப்ளிங்க், அனிநெட், பிராவியா சிங்க் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்தாலும் சரக்கு ஒன்றுதான். புரொஜெக்டரின் 'ஆட்டோ சோர்ஸ்' இதிலிருந்து வேறு: சிக்னல் உயிரோடு இருக்கிற முதல் இன்புட்டில் அது நின்றுவிடும். ஸ்டாண்ட்பையிலும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும் செட்டாப் பாக்ஸ் வீட்டில் இருந்தால் எப்போதும் அங்கேயே போய் நிற்கும். சிஇசியை ஆன் செய்து, ஆட்டோ சோர்ஸை ஆஃப் செய்வதே என் பழக்கம்.

இதற்கு மேலும் வேண்டும், அல்லது கல்யாண மண்டபம், கல்லூரி அரங்கு என்றால், பிஜேலிங்க் பக்கம் போகலாம். லேன் கேபிள் உள்ள பல புரொஜெக்டர்கள் ஏற்கும் பொது மொழி அது. 4352ஆம் போர்ட்டில் பேசும். ஆன், ஆஃப், இன்புட் மாற்றம், பழுது விவரம் எல்லாம் செய்யும். அதன் இரண்டாம் வகுப்பில் இப்போது வரும் ரெசல்யூஷன் என்ன என்றுகூடக் கேட்கலாம். பிக்சர் மோட் மட்டும் அதில் இல்லை. அதற்கு அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கட்டளைகள்தான். எப்சன் போன்றவை சீரியல் போர்ட் வழியாகவும் நெட்வொர்க் வழியாகவும் அவற்றை ஏற்கும். வீட்டில் ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் மென்பொருள்) ஓட்டுபவர்களுக்கு பிஜேலிங்க், எப்சன், ஜேவிசி மூன்றுக்கும் தயாராக இணைப்புகள் இருக்கின்றன. கன்சோல் ஆன் ஆனால் இன்புட் 2, கேம் மோட், அறை விளக்கு ஆஃப் என்று ஒரு விதி எழுதிவிடலாம். கட்டளைகளுக்கு நடுவில் நான்கைந்து நொடி இடைவெளி விடுங்கள். ஹேண்ட்ஷேக் முடிவதற்குள் வரும் கட்டளையை புரொஜெக்டர் விழுங்கிவிடும்.

கடைசிச் சோதனை

முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் ஆன் செய்து, ரிமோட்டைத் தொடாமல், இன்ஃபோ பக்கமும் தாளும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 4கே வர வேண்டிய இடத்தில் 1080 வந்தால் நடுவில் இருக்கும் பெட்டியையோ கேபிளையோ பாருங்கள். எஸ்டிஆர் படத்துக்கு எச்டிஆர் மோட் வந்தால் ஸ்டிக்கின் அடாப்டிவ் அமைப்பு. அவ்வப்போது ஒரு நொடி இருண்டு, வெள்ளைப் பொறி தெறித்தால் கேபிள் தாங்கவில்லை.

நம் ஊரில் இன்னொரு சோதனையும் வேண்டும்: கரண்ட் போய் வந்தால் என்ன ஆகிறது? மின்சாரம் வந்ததும் செட்டாப் பாக்ஸ் தானே எழுந்துகொள்ளும், புரொஜெக்டர் தூங்கிக்கொண்டிருக்கும். ஈடிஐடி கிடைக்காத பெட்டி தன்னிச்சையாக 720 அல்லது அதற்கும் கீழே இறங்கி, பிறகு புரொஜெக்டர் வந்தாலும் அங்கேயே பிடிவாதமாக நிற்கக்கூடும். எச்டிஎம்ஐயைப் பத்து நொடி பிடுங்கிச் செருகினால் மறுபடி குறிப்பைப் படித்துவிடும். அடிக்கடி நடந்தால் பெட்டிக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு ஈடிஐடி எமுலேட்டர் மாட்டுங்கள். விரல் அளவு பொருள்தான். உங்கள் புரொஜெக்டரின் குறிப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, புரொஜெக்டர் அணைந்திருந்தாலும் பெட்டியிடம் அதையே காட்டிக்கொண்டிருக்கும்.